கடைசிப் பத்துப் புள்ளி

அந்தப் பாடத்தை நான் ஆறு வருஷம் தள்ளிப் போட்டேன்.

இங்கே நோர்வேயில், பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தாலென்ன, சட்டம் படித்தாலென்ன, என்னைப் போல இரசாயனவியல் படித்தாலென்ன, முதல் பட்டம் வேண்டுமென்றால் எல்லாரும் பொதுவாக எடுத்தே தீர வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எக்ஸ்பில் என்று சுருக்கிச் சொல்வார்கள். கொஞ்சம் மெய்யியல், கொஞ்சம் தர்க்கம், கொஞ்சம் ஒழுக்கவியல். நூற்றெண்பது புள்ளி சேர்ந்தால்தான் பட்டம். அதில் பத்துப் புள்ளி இதற்கு. நோர்வேப் பிள்ளைகள் வந்த முதல் அரையாண்டிலேயே எழுதி முடித்துவிட்டு அதை மறந்தும் போவார்கள். என் புத்தி போன போக்கு வேறு. இரசாயனம் படிக்க வந்தவளுக்குக் கிரேக்கக் கிழவர்கள் என்ன சொன்னால் என்ன? கஷ்டமானதை முதலில் முடிப்போம், இந்தக் கதைப் பாடத்தை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலை உதிரும் காலத்தில் என்னிடம் நூற்றெழுபது புள்ளி இருந்தது. வயது முப்பத்தைந்து. ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரில் மூன்றாம் மாடி வீடு, பஸ் ஓட்டுகிற கணவர், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே படிக்கத் தொடங்கியவள், பிறகு ஓர் ஆய்வுகூடத்தில் விக்கார் ஆனேன். விக்கார் என்றால், யாராவது லீவு எடுத்தால் கூப்பிடுவார்கள். அவர் திரும்பி வந்தால் நம்மை வீட்டுக்கு அனுப்புவார்கள். நான்கு வருஷம் அந்தச் சீவியம். காலையில் கைபேசி அடித்தால்தான் அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறதென்று தெரியும். குளிக்கும்போதுகூட அதைக் கதவுக்கு வெளியே வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு குளித்திருக்கிறேன்.

அந்த ஆய்வுகூடத்துக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். உயரமான பெண், சிரிப்புக் கொஞ்சம் குறைவு. ஒரு நாள் கோப்பி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து இருந்தாள். “வருகிற கோடையில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை உனக்குத் தர எனக்கு விருப்பம். ஆனால் பட்டம் இல்லாதவருக்கு நிரந்தர இடம் தர எனக்கு வழியில்லை. ஜூன் முடிவதற்குள் கொண்டு வா” என்றாள். ஒரே ஒரு பாடம்தான் மிச்சம் என்றேன். என்ன பாடம் என்று கேட்டாள். எக்ஸ்பில் என்றதும் சிரித்தாள். அன்றைக்குத்தான் நான் அவளுடைய பல்லைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். “பாடமாக்கிறது உமக்குத் தண்ணி பட்ட பாடு. உதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?” என்றார்.

உண்மைதான். யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் வளர்ந்தவள் நான். இந்த முறை வரும் என்று வாத்தியார் பத்துக் கேள்வி சொல்வார். பத்துக்கும் அவரே விடை எழுதித் தருவார். கண்ணை மூடிக்கொண்டு பத்தையும் ஒப்புவித்தால் பரீட்சை முடிந்த மாதிரி. இங்கே அப்படி வாத்தியார் இல்லை என்பதால் பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்து எனக்கு நானே பத்துக் கேள்வி தெரிந்தெடுத்தேன். பத்துக்கும் புத்தகத்திலிருந்தே விடை எழுதினேன். ரயிலில் உதடு அசைய அசையச் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு நாள் மகள் பொறுக்க முடியாமல், “அம்மா, ஆக்கள் பாக்கினம். செபம் சொல்லுறீங்கள் எண்டு நினைக்கப் போகினம்” என்றாள்.

அந்த மெய்யியல்காரர்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன். குகையில் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்களைப் பற்றிச் சொன்னவர் குகைக்காரர். அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் அடுப்படிக்காரர். ஆசைக்காகவோ அன்புக்காகவோ செய்கிற நல்ல காரியத்துக்கு மதிப்பில்லை, கடமைக்காகச் செய்ய வேண்டும் என்ற ஜேர்மன்காரர் கடமைக்காரர். பரீட்சையில் மட்டும் ஒழுங்கான பெயரை எழுதுவேன்.

நவராத்திரி வந்தது. புத்தகத்தைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டும் பூவும் வைத்தேன். விஜயதசமி வரைக்கும் தொடவில்லை. மகள் அதையும் விடவில்லை.

“அம்மா, இந்தப் புத்தகத்திலை கடவுளே இல்லை எண்டு சொல்லுறவரும் இருக்கிறார். சரஸ்வதிக்குக் கோபம் வராதோ?”

“வராது. படிப்பு எண்டால் படிப்புத்தான். போய்ச் சாப்பிடும்.”

புத்தகம் கை தவறி விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. பின்னல் சட்டை போட்ட ஓர் இளம் ஆசிரியர், இருபது பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் நான். ஆசிரியர், “என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லாரும் மேசையைப் பார்ப்பார்கள். இந்தச் சனத்துக்கு வாய் திறக்க இன்னும் வெயில் வேண்டும் போலிருக்கிறது. ஒரு நாள் கடமைக்காரரின் பாடம் நடந்தது. உங்களுடைய கூட்டாளி ஒருவன் உங்கள் வீட்டுக்குள் ஒளித்திருக்கிறான், அவனைக் கொல்ல வந்தவன் கதவடியில் நின்று, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான், பொய் சொல்லலாமா? அப்போதும் சொல்லக் கூடாது என்றார் அந்தப் பெரியவர். பின் வரிசையில் இருந்த ஒரு பெடியன், “இப்படியொரு நிலைமை யாருக்குத்தான் வரும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். நான் என் கொப்பியில் “உதாரணம்: கதவு” என்று எழுதி, கீழே சிவப்புக் கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து அதையும் பாடமாக்கினேன்.

டிசம்பரில் பரீட்சை. கடமைக்காரரே வந்தார். அவருடைய கருத்தை விளக்கி, நீங்கள் உடன்படுகிறீர்களா என்று காரணத்தோடு சொல்லுங்கள் என்று கேள்வி. விளக்கம் மூன்று பக்கம், ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். இரண்டாவது பாதிக்கு என்னிடம் ஆயத்தமாக விடை இல்லை. அதனால் என்ன, பயனைப் பார்க்க வேண்டும் என்ற ஆங்கிலேயரைப் பற்றி ஆயத்தம் செய்த விடை சும்மா கிடந்ததே, அதை எடுத்து ஒட்டினேன். கடைசியில் “ஆகவே எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது” என்று முடித்தேன். வீட்டுக்கு வந்து, “வெளுத்து வாங்கிப்போட்டன்” என்று அறிவித்தேன். கணவர் கடையில் கேக் வாங்கி வந்தார்.

ஜனவரியில் முடிவு வந்தது. எஃப். அதற்குக் கீழே எழுத்து இல்லை.

என் சீவியத்தில் நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. குண்டு விழுந்த கிழமையில்கூட மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பாஸ் பண்ணியவள். காரணம் கேட்க உரிமை இருக்கிறது என்றார்கள், கேட்டேன். திருத்தியவர் தொலைபேசியில் எடுத்தார். மரியாதையான மனுஷி. “உங்களுக்குப் புத்தகம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் நாங்கள் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டோம்” என்றார். பசுமாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டால், பாடமாக்கின தென்னை மரத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் மாட்டைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டுகிற பிள்ளையின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். அந்தப் பிள்ளை நானேதான்.

வெட்கம் ஒரு பக்கம், கோபம் மறு பக்கம். “நான் என்ன நினைச்சால் இவைக்கென்ன?” என்று வீட்டில் கத்தினேன். “சோடியத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே! ஆறு வருஷம் படிச்சன், எல்லாம் பாஸ். இந்தக் கதைக்கிற பாடம் என்ரை வேலையைப் பறிக்கப் போகுது!”

அதுதான் உண்மையான பயம். அடுத்த பரீட்சை மே மாதம். அதிலும் தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு இன்னும் எத்தனை வருஷம் கைபேசியைக் கதவடியில் வைத்துக் குளிப்பது?

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. கணவர் அடுப்படியில் பழைய பேப்பரை விரித்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி கடமைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்பிடி என்னதான் சொன்னவர் அந்தாள்?”

அன்றைக்குத்தான் அதை முதல் தரமாகத் தமிழில் சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் நோர்வே மொழியில்தான் மண்டைக்குள் இருந்தது. “உங்கடை வீட்டுக்குள்ளை ஒருத்தன் ஒளிச்சிருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் வாசல்லை நிண்டு, ஆள் உள்ளுக்கை இருக்கோ எண்டு கேக்கிறான். அப்பவும் பொய் சொல்லக் கூடாதாம்.”

கணவரின் கத்தி நின்றது.

“ஊரிலை உங்கடை வீட்டு வாசல்லை ஆமிக்காரன் வந்து கேட்ட மாதிரியோ?”

“என்ன ஆமிக்காரன்?”

“நீர்தானே எனக்குச் சொன்னனீர். ரெண்டு கோப்பைப் புட்டு.”

வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அண்ணாவுக்கு இருபது. அந்த வயதுப் பெடியன்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போன காலம். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒரு நாள் காலையில் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நானும் அண்ணாவும் நிலத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணா எழும்பி ஓடிப்போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தான். இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அண்ணன் எங்கே என்று கேட்டான். கொழும்புக்குப் போய் ஒரு கிழமை என்றேன். அவன் குனிந்து பார்த்தான். நிலத்தில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை, இரண்டிலும் பாதிப் புட்டு. துவக்கு முனையால் இரண்டாவது கோப்பையைக் காட்டினான்.

“ரெண்டும் எனக்குத்தான்” என்றேன்.

சொன்னால் போதுமா? திரும்ப நிலத்தில் இருந்தேன். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று மாறி மாறிச் சாப்பிட்டேன். அவன் நின்று பார்த்தான். நான் விழுங்கினேன். மற்றவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். “நல்லாச் சாப்பிடு” என்றுவிட்டுப் போனார்கள். படலை சாத்தின சத்தம் கேட்டபிறகு நான் கிணற்றடிக்கு ஓடிப்போய் முழுவதையும் சத்தியெடுத்தேன். அண்ணா வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். ஒரு மாதத்துக்குள் அவனை ஊரைவிட்டு அனுப்பினார்கள். பிறகு கனடா. கல்யாணம், பிள்ளைகள், வீடு என்று எல்லாம் தொலைபேசியில் கதைத்திருக்கிறோம். அந்தக் காலையை மட்டும் இரண்டு பேரும் ஒரு நாளும் எடுத்ததில்லை.

அந்தக் கதவை நான் மூன்று மாதம் பாடமாக்கியிருக்கிறேன். சிவப்புக் கோடு போட்டு, ரயிலில் உதடசைத்து, பரீட்சையில் எழுதி, “ஆகவே பொய் சொல்லக் கூடாது” என்றும் முடித்திருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் வீட்டுக் கதவு என்று ஒரு தரமாவது எனக்கு உறைக்கவில்லை. அது புத்தகத்தில் இருந்த கதவு. புத்தகத்தில் இருப்பது நமக்கு நடப்பதில்லை என்று எனக்கு எங்கேயோ ஆழத்தில் பதிந்து கிடந்திருக்கிறது.

பிறகு வாய் திறந்தேன் பாருங்கள். “அவருக்கென்ன, கதவுக்கு அங்காலை இருந்து எழுதியிருப்பார்! அவரின்ரை வீட்டு மூட்டைக்குப் பின்னாலை ஆரும் ஒளிச்சிருந்தவையோ? துவக்கோடை வந்து கேக்கிறவனுக்கு உண்மையைக் கேக்க என்ன உரிமை இருக்கு? நான் அண்டைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நல்ல பிள்ளையாம்! அண்ணா எங்கை இருந்திருப்பான்?” மீன் பாதிச் செதிலோடு கிடந்தது. நான் நிறுத்தவே இல்லை. அழுதேன், பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். “இதை எழுதினனீரோ?”

“இல்லை.”

“ஏன்?”

“அவர் பெரிய ஆளெல்லோ. புத்தகத்திலை வந்தவர். நான் ஆர் மறுத்துக் கதைக்க?”

“நானும் உம்மடை புருஷன்தான். என்னோடை ஒரு நாளைக்கு எத்தினை தரம் மறுத்துக் கதைக்கிறீர்? அந்தாளையும் நான் எண்டு நினைச்சு எழுதுமன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சமைக்கும்போது அவர் ஒரு மெய்யியல்காரர் ஆனார். நான் அவருடைய கருத்தைச் சொல்லிக் கொடுப்பேன். அவர் அதை வைத்து என்னோடு மல்லுக்கட்டுவார். அடுப்படிக்காரராக இருந்த நாளில், “இந்த மேசை உண்மையா இருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். “நான்தானே துடைக்கிறனான்” என்றேன். ஆனால் கடமைக்காரராக இருந்தபோது என்னை மடக்கிவிட்டார். “எல்லாரும் பொய் சொல்லத் தொடங்கினால் ஆற்றை சொல்லை நம்புறது? அந்த ஆமிக்காரன் உம்மடை சொல்லை நம்பினபடியால்தானே போனவன். உண்மைக்கு ஒரு மதிப்பு இருந்தபடியால்தான் உம்மடை பொய் வேலை செய்தது” என்றார். பஸ் ஓட்டுகிற மனுஷன்! ஒரு கிழமை முழுக்க அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மகளுக்குச் சப்பாத்து வாங்கும்போதுகூட. அந்தக் கிழவர் முட்டாள் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. பாடமாக்கிய மூன்று மாதத்தில் எனக்கு அவர்மேல் வராத மரியாதை, சண்டை பிடித்த பிறகு வந்தது.

மே மாதப் பரீட்சையில் கேள்வி இதுதான்: நல்லதைத் தீர்மானிப்பது கடமையா, விளைவா? ஓர் உதாரணத்தை வைத்து உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லுங்கள். வெளியே மரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. முதலில் கடமைக்காரருக்கு ஒரு பக்கம் கொடுத்தேன், நியாயமாக, அவரே பார்த்தாலும் குறை சொல்லாதபடி. கணவர் சொன்னதையும் அவர் பக்கத்திலேயே சேர்த்தேன். அடுத்த பக்கத்தை “ஆனால்” என்று தொடங்கினேன். புட்டுக்கு நோர்வே மொழியில் சொல் இல்லை. அவித்த அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் என்று எழுதினேன். படலையை எழுதினேன், துவக்கை எழுதினேன். உண்மை என்பது நம்பிக்கைக்குக் கொடுக்கிற பதில், துவக்கைக் காட்டிக் கேட்கிறவன் அந்த நம்பிக்கையைப் படலையடியிலேயே உடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான், அதனால் என் கடமை மூட்டைக்குப் பின்னால் இருந்தவனுக்குத்தான் என்று எழுதினேன். பேனை நிற்கவில்லை. மணி அடித்தபோதுதான் தலையை நிமிர்த்தினேன்.

ஜூன் மூன்றாம் கிழமை முடிவு வந்தது. பி. கணவர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு சி ஆவது தரோணும்” என்றார். முடிவை அச்செடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். தலைவி இரண்டு தரம் வாசித்தாள், கை கொடுத்தாள். விக்கார்களுக்கு உடுப்பு வைக்க இலக்கம் போட்ட அலுமாரிதான் இருக்கும். அன்றைக்குப் பின்னேரமே ஓர் அலுமாரியில் என் பெயரை ஒட்டினார்கள். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், யாரும் பார்க்காதபோது.

ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பட்டம் எடுத்துவிட்டேன் என்றதும் அண்ணாவுக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. “கடைசியா என்ன பாடம் எழுதினனீ?” என்று கேட்டான்.

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சொன்னேன். “கொலைகாரன் வந்து கேட்டால் பொய் சொல்லலாமோ எண்டு ஒரு கேள்வி. நான் அந்தப் புட்டுக் கதையை எழுதினன்.”

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து, “அண்ணா?” என்றேன்.

“நான் பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றான். “மூட்டைக்கு இடையாலை தெரிஞ்சது. நீ சாப்பிட்டதெல்லாம் பாத்தனான். இதிலை ஒரு வாய், அதிலை ஒரு வாய் எண்டு.”

பதினெட்டு வருஷம். நான் தனியாக இருந்து சாப்பிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவனும் மூக்கை உறிஞ்சினான்.

“எண்டாலும்” என்றான், “என்ரை கோப்பையிலை முட்டைப் பொரியல் கிடந்தது. அதையும் நீ விடேல்லை.”

சிரித்த சிரிப்பில் மகள் அறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். “கோடைக்கு வா அண்ணா” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “புட்டும் முட்டைப் பொரியலும் செய்து தாறன்.”

“வாறன்” என்றான். “ரெண்டு கோப்பையா வை.”